குட்டியின் பல்லும் குட்டியின் தூக்கமும்

நாய்க்குட்டியின் வாயில் 28 பால் பற்கள். பிறந்த 3 வாரத்தில் முளைக்கத் தொடங்கி, 6 முதல் 8 வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் இருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட இந்தப் பால் பற்களைப் போல ஊசிக்கூராக இருக்காது. லேசாகப் பட்டாலே சுருக்கென்று இழுக்கும். ஆனால் தாடைக்கு இன்னும் வலு வரவில்லை என்பதால், பெரும்பாலும் கீறலோடு போய்விடும். வலிக்கிறது, ஆனால் பெரிய சேதமில்லை என்ற இந்த நிலை சில மாதங்கள்தான். தன் வாயின் அழுத்தத்தை அடக்கிக்கொள்ள ஒரு நாய் கற்க வேண்டிய காலம் அதுதான்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்பது, "இது கடிக்கிறதை எப்போ நிறுத்தும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எத்தனை மணிக்குக் கடிக்கிறது? அதற்கு முன் எவ்வளவு நேரம் விழித்திருந்தது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து. கடிப்பதற்கான தண்டனையைத் தேடி அலைபவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

தூக்கம் கெட்ட குட்டி

8 முதல் 16 வார வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். சில குட்டிகளுக்கு 20 மணி நேரம்கூடத் தேவைப்படும். பல வீடுகளில் இவ்வளவு கிடைப்பதில்லை. ஆள் நடமாட்டம், பேச்சு, தூக்கிக் கொஞ்சும் கைகள், கதவு திறக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் குட்டி எழுந்து பார்க்கிறது. தானாகப் போய்ப் படுக்கும் அறிவு அந்த வயதில் அதற்கு இல்லை. தூக்கம் கெட்ட சின்னக் குழந்தை காரணமில்லாமல் அழுது அடம்பிடிக்கும். குட்டி அழாது, கடிக்கும்.

மாலையில் குட்டிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். பின்புறத்தைத் தாழ்த்திக்கொண்டு வட்டமடித்து ஓடும், கண் விரிந்திருக்கும், கூப்பிட்டால் காதில் விழாது, காலையும் கையையும் மாறிமாறிப் பிடிக்கும். "இவ்வளவு ஓடுகிறதே, இன்னும் கொஞ்சம் விளையாட விட்டால் களைத்துப் படுத்துவிடும்" என்று தோன்றும். அந்தக் கணக்கு தவறு. களைப்பு எல்லை தாண்டியதால்தான் அந்த ஓட்டமே. மேலும் விளையாடவிட்டால் கடி பலமாகும்.

நடைமுறைக் கணக்கு இது: குட்டி 1 மணி நேரம் விழித்திருந்தால் அடுத்த ஒன்றரை முதல் 2 மணி நேரம் தூக்கத்துக்கு. அந்த 1 மணி நேரத்தில் சாப்பாடு, சிறுநீர், விளையாட்டு, கொஞ்சம் பயிற்சி எல்லாம் அடங்கிவிட வேண்டும். 45 நிமிடத்திலேயே பல் அதிகம் படத் தொடங்கினால், அந்தக் குட்டியின் எல்லை 45 நிமிடம். பிடித்ததை விட மாட்டேனென்பது, சொன்ன சொல்லுக்குத் திரும்பாதது, தரையில் ஒன்றுமில்லாத இடத்தையே சுரண்டுவது ஆகியவை கடிக்கு 5 நிமிடம் முந்தி வரும் அடையாளங்கள். அப்போதே படுக்க வைத்துவிட வேண்டும்.

படுக்க வைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வெளியே அழைத்துப் போய்ச் சிறுநீர் கழிக்கவிட வேண்டும். பிறகு தடுப்பு வேலிக்குள்ளோ க்ரேட் எனும் நாய்க் கூண்டுக்குள்ளோ விட்டு, மென்று நக்க ஏதாவது ஒன்று கொடுத்து, விளக்கைக் குறைத்து, ஒரு பக்கம் துணி போட்டு மறைக்கலாம். முதல் சில நாள் தனியே விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே, முகத்தைப் பார்க்காமல், பேசாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் சிணுங்கி அடங்கிவிடும். ஆனால் குரல் ஏறிக்கொண்டே போய் அலறலானால் தூக்கத்துக்கான சிணுங்கல் இல்லை அது. சிறுநீரோ பயமோ காரணமாக இருக்கும். போய்ப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் திட்டி அடைக்கும் ஜெயிலாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தூங்கும் இடம் கெட்டால் தூக்கமும் கெடும், கடி திரும்பி வரும்.

மூன்று நாள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், சிறுநீர் கழித்த நேரம், பலமாகக் கடித்த நேரம். நான்கே கட்டங்கள் போதும். சில குட்டிகள் சாப்பாட்டுக்கு அரை மணி முந்திக் கடிக்கும். 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஒரு நாளில் 3 அல்லது 4 வேளை உணவு வேண்டும், அந்த இடைவெளி நீண்டிருக்கலாம். சில குட்டிகள் விளையாட்டின் நடுவில் திடீரென்று வெறி பிடித்தாற்போல் கவ்வும், வெளியே கொண்டுபோனால் உடனே சிறுநீர் கழிக்கும். தாளில் எழுதிய பிறகுதான் இது தெரிகிறது. "எப்போதும் கடிக்கிறது" என்று சொல்லும் வீடுகளில் எழுதிப் பார்த்தால், கடி ஒரு நாளில் இரண்டு மூன்று வேளைகளில் குவிந்திருப்பது தெரியவரும்.

முதலில் மெல்லக் கடிக்கட்டும்

நாய்க்குக் கை கிடையாது. பொருளை எடுப்பது, தள்ளுவது, என்னவென்று பார்ப்பது, விளையாட அழைப்பது எல்லாம் வாயால்தான். கூடப்பிறந்த குட்டிகளோடு புரளும்போது ஒன்று மற்றொன்றைப் பலமாகக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு ஒதுங்கிப் போய்விடும், விளையாட்டு நின்றுபோகும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து நடந்துவிடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு தொடரும், எவ்வளவு அழுத்தினால் நின்றுபோகும் என்ற அளவு இப்படித்தான் படிகிறது. இதைக் கடியடக்கம் என்று சொல்லலாம். 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கும், கூடப்பிறந்தது இல்லாமல் தனியாக வளர்ந்த குட்டிகளுக்கும் இந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். அவற்றோடு கூடுதல் பொறுமை வேண்டும்.

பயிற்சியாளர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. தோலில் பல் பட்டாலே விளையாட்டை நிறுத்து என்பது ஒன்று. முதலில் வலிக்கும் கடியை மட்டும் நிறுத்து, அது குறைந்தபின் நடுத்தர அழுத்தத்தை நிறுத்து, கடைசியில் பல் படுவதையே நிறுத்து என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். வாழ்நாளில் ஒரு நாள், வாலை யாரோ மிதித்துவிட்ட வலியில், எந்த நல்ல நாயும் திரும்பிக் கவ்விவிடலாம். அப்போது பல் தோலைத் தொட்டு நிற்குமா, சதைக்குள் இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது குட்டிப் பருவத்தில் கற்ற அழுத்த அளவு. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ, தோல் மெலிந்த முதியவரோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரோ இருந்தால் முதல் வழிதான் சரி. அங்கே படிப்படியாகக் கற்றுக்கொடுக்க இடமில்லை.

படிப்படியான வழியில் முதல் 2 வாரம் வலித்த கடிக்கு மட்டும் விளையாட்டை நிறுத்துங்கள். அடுத்த 2 வாரம் அழுத்தம் தெரிகிற எந்தக் கடிக்கும். அதன் பிறகு பல் பட்டாலே. வீட்டில் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒருவர் முழங்கை வரை கடிக்கவிட்டுச் சிரித்துக்கொண்டு, இன்னொருவர் பல் பட்டதும் எழுந்துபோனால் குட்டிக்குக் கிடைக்கும் பாடம், ஆளுக்கு ஆள் சட்டம் வேறு என்பதுதான்.

"ஆ!" என்று கத்தினால் நிறுத்திவிடும் என்று பலர் சொல்வார்கள். சில குட்டிகளிடம் பலிக்கும். கத்தியதும் வாயை எடுத்து, ஒரு நொடி திகைத்து, நம் முகத்தைப் பார்க்கும். வேறு சில குட்டிகளுக்கு, குறிப்பாக டெரியர் வகைகளுக்கும் ஆடுமாடு மேய்க்கும் இனங்களுக்கும், அந்தக் கீச்சுக் குரல் இன்னும் பிடி என்று ஏவுவது போல ஆகிவிடும். மூன்று தடவை செய்து பாருங்கள். மூன்றிலும் பின்வாங்கினால் வைத்துக்கொள்ளலாம். பாய்ந்து வந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள்.

நிறுத்துவது எப்படி

கடித்தால் விளையாட்டு நிற்கும் என்று சொல்வது எளிது. செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

பல் பட்ட அதே நொடியில், தட்டையான குரலில் "போதும்" என்று ஒரே ஒரு தடவை. கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுபடும் எதையும் குட்டி துரத்தும். கையை அசையாமல் விட்டு, பிடி தளர்ந்ததும் எழுந்து, தடுப்பு வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். குழந்தைகளுக்காக வாசலில் பொருத்தும் பேபி கேட் இதற்கு மிகப் பொருத்தம். குட்டிக்கு நீங்கள் தெரிய வேண்டும், கிடைக்கக் கூடாது. 15 முதல் 30 நொடி போதும். பிறகு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல் அமைதியாக விளையாட்டைத் தொடரலாம். மறுபடி பல் பட்டால் மறுபடி அதேபோல். 5 நிமிடத்துக்குள் மூன்று தடவை இப்படிப் போக வேண்டி வந்தால் பாடம் நடத்தும் நேரம் முடிந்துவிட்டது, அது தூங்க வேண்டிய குட்டி.

இது பலிக்கவில்லை என்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள் சில. கடித்து 5 நொடி கழித்து எழுந்தால், அதற்குள் குட்டி கையை விட்டுவிட்டு நக்கத் தொடங்கியிருக்கும், நக்கியதற்குத் தண்டனை என்று படும். 5 நிமிடம் வெளியே நின்றால், எதற்காகப் போனோம் என்ற தொடர்பே அறுந்துவிடும். கடித்த குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு அறையில் விட்டால், தன்னைப் பிடிக்க வரும் கை என்றாலே கெட்டது என்று அது கற்றுக்கொள்ளும், பிறகு அந்தக் கையைத்தான் முதலில் கடிக்கும். எழுந்து போக முடியாத இடமென்றால், கண்காணிப்பு இருக்கும் நேரத்தில் மட்டும் மார்புப் பட்டையில் ஒன்றரை மீட்டர் மெல்லிய கயிறு ஒன்றைக் கோத்து விடலாம். நுனியில் வளையம் இருக்கக் கூடாது, எதிலாவது மாட்டிக்கொள்ளும். கடித்தால் கயிற்றைப் பிடித்து, குட்டியைத் தொடாமல், எட்டாத தூரத்தில் அரை நிமிடம் நிறுத்திவைக்கலாம். கையால் குட்டியைத் தள்ளிவிடுவது இன்னொரு தவறு. அதற்குத் தள்ளுவதும் விளையாட்டுதான்.

முதல் சில நாட்களில் கடி குறைவதற்குப் பதில் கூடும். இதுவரை கடித்தால் ஆள் எழுந்து ஆடிப் பாடியது, இப்போது பலிக்கவில்லை, இன்னும் பலமாகக் கடித்துப் பார்ப்போம் என்று முயல்கிறது. பலர் கைவிடுவது இந்த இடத்தில். அப்படி விட்டால் இன்னும் பலமாகக் கடித்தால்தான் பலிக்கும் என்பது அதற்கு உறுதியாகிவிடும். தொடங்கினால் 10 நாளாவது மாறாமல் நில்லுங்கள், இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

கையைப் பற்றிய பாடம்

விளையாட்டுக்கு வெளியேயும் கையைக் குறித்துத் தனியாகக் கற்பிக்க வேண்டும். தூங்கி எழுந்த குட்டி, வயிறு பாதி நிறைந்த நேரம், நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 5 நிமிடத்துக்குள். இதற்குத் தனித் தின்பண்டம் வேண்டாம். அன்றைய உலர் உணவிலிருந்தே 20 துண்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு துண்டை மூடிய கைக்குள் வைத்துக் குட்டியின் மூக்குக்குக் கீழே நீட்டுங்கள். நக்கும், முட்டும், காலால் சுரண்டும், முன்பல்லால் கொறிக்கும். ஒன்றும் பேச வேண்டாம், கையை எடுக்கவும் வேண்டாம். அரை நொடியாவது வாயை விலக்கும். அந்த நொடியில் கை திறக்க வேண்டும். இப்படி 10, 15 தடவை செய்தபின் கை நீண்டதும் குட்டி தானாகவே பின்னால் சாயத் தொடங்கும். அடுத்தது திறந்த உள்ளங்கை. பாய்ந்தால் மூடும், நின்றால் கிடைக்கும். விரல் நுனியில் பிடித்துக் கொடுப்பதைவிட, தட்டையான உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் விரலில் பல் படாது. வலிக்கிறதே என்று தடித்த கையுறை மாட்டிக்கொள்வதில் பயனில்லை. எவ்வளவு அழுத்துகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும், கையுறையைக் கடிக்கலாம் என்ற புதுப் பாடமும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, தொடுவதைப் பழக்குவது. கழுத்துப்பட்டையை 1 நொடி தொடு, ஒரு துண்டு. காதைத் தொடு, ஒரு துண்டு. பாதம், வால், உதடு என்று ஒவ்வொன்றாக. வரிசை மாறக் கூடாது: முதலில் கை தொட வேண்டும், அதன் பின்னர்தான் மறு கை உணவுக்குப் போக வேண்டும். உணவைக் காட்டிக்கொண்டே தொட்டால், உணவைக் கண்டதும் ஏதோ செய்யப் போகிறார்கள் என்று குட்டி சந்தேகப்படும். நகம் வெட்டும்போதும் டாக்டர் வாயைத் திறக்கும்போதும் கடிக்காத நாய் இங்கேதான் உருவாகிறது. இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் வருந்துவது இதில்தான்.

கொஞ்சும்போது கடிக்கிற குட்டியிடம் ஒரு சின்னச் சோதனை: தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே 3 நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். நெருங்கி வந்து சாய்ந்தால் இன்னும் வேண்டும் என்கிறது. முகத்தைத் திருப்பினாலோ, மூக்கை நக்கினாலோ, கையை மெல்லக் கவ்வினாலோ போதும் என்கிறது. அதற்குச் சொல்லத் தெரிந்த விதம் அதுதான்.

வாய்க்கு வேலை

கடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், எதைத்தான் கடிப்பது? வாய்க்குப் பொருள் வேண்டும், மூன்று தினுசாக: கிழிக்கத் துணி, மெல்ல ரப்பர், இழுக்க நீளமான கயிறு அல்லது பின்னிய துணி. இழுவைப் பொம்மை 60 சென்டிமீட்டராவது நீளம் இருக்கட்டும். கைக்கும் பல்லுக்கும் நடுவில் தூரம் கிடைக்கும். முழுதாக வாய்க்குள் போகும் அளவுள்ள எதுவும் ஆகாது. கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: கொஞ்சமும் பதியாத பொருள் பல்லுக்குக் கடினம். மான் கொம்பு, குளம்பு, எலும்பு எல்லாம் இதில் தோற்பவை. அவற்றால் பல் உடைகிறது. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலையும் கிழிக்கக்கூடும்.

பொம்மையை முகத்துக்கு நேரே திணித்தால் குட்டி தாண்டிக் கையைத்தான் பிடிக்கும். தரையில், குட்டியிடமிருந்து விலகி ஓடுவது போல் இழுத்துப் போக வேண்டும். அசைவதுதான் அதற்கு இரை. எல்லாப் பொம்மைகளையும் ஒரேயடியாகக் கொட்டி வைத்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும். மூன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதை ஒளித்து, சில நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

கடித்தவுடனே பொம்மையை நீட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. கையைக் கடித்தால் பொம்மை வரும் என்று தொடராகவே கற்றுக்கொள்ளும் கெட்டிக்காரக் குட்டிகள் இருக்கின்றன. வாயைத் திறந்துகொண்டு நெருங்கி வரும்போதே பொம்மையைக் கொடுப்பது நல்லது. அதற்காக ஒவ்வொரு அறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்க வேண்டும். ஏற்கெனவே கடித்துவிட்டதென்றால் சில நொடி இடைவெளி விட்டு, "உட்கார்" போன்ற தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்கப்புறம் பொம்மை.

இழுவை விளையாட்டு நாயை முரடாக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. விதியோடு விளையாடினால் அப்படி ஆகாது, கடியடக்கத்துக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. 10, 15 நொடி இழுக்கவிட்டு, உங்கள் பக்கம் கயிறை அசையாமல் தளர்த்தி, மூக்கருகே ஒரு துண்டு உணவைக் கொண்டுபோய், வாய் திறக்கும்போது "விடு" என்று சொல்லுங்கள். விட்டதும் உணவு, உடனே மறுபடி விளையாட்டு. விட்டால் இழப்பு ஒன்றுமில்லை என்று தெரிந்த நாய் பொருளுக்காகச் சண்டை போடாது. பல் நழுவிக் கையில் பட்டால் அரை நிமிடம் ஆட்டம் நிற்கும். பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள், மேலே தூக்கி ஆட்டாதீர்கள், கழுத்துக்கு ஆகாது.

கணுக்கால், தொங்கும் துணி, கயிறு

நடக்கும்போது கணுக்காலைப் பிடித்தால் நின்றுவிடுங்கள். ஓடும் கால்தான் சுவாரசியம், மரம்போல் நிற்கும் கால் சலிப்பு. விட்டபின் ஒரு கைப்பிடி உலர் உணவைத் தரையில் சிதற விட்டால், மூக்கு வேலையில் இறங்கி வாய் அடங்கும். தினமும் ஒரே நடைவழியில்தான் கடிக்கிறதென்றால், அந்த வழியில் கால் வைக்கும் முன்னாலேயே நீளப் பொம்மையைத் தரையில் இழுத்துக்கொண்டு நடங்கள். தொங்கும் துணிகளைச் சில வாரம் ஏற்றிச் செருகிக்கொள்வது எல்லாப் பயிற்சியையும்விட விரைவில் பலன் தரும்.

வெளியே போகும்போது கயிற்றைக் கவ்வி இழுக்கும் குட்டியோடு கயிறிழுக்கக் கூடாது. அதுதான் அதற்கு வேண்டியது. கயிற்றைத் தளர்த்தி, மூக்கருகே உணவு காட்டி, தரையில் போடுங்கள். பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பும் கடைசிச் சில நிமிடங்களில் இது வரும். நடை நீண்டுவிட்டது என்று அர்த்தம். நாற்காலிக்கால் முதலான மரச்சாமான்களுக்குக் கசப்புத் தெளிப்பான் ஓரளவு உதவும். கையில் பூசிக்கொள்வதற்கல்ல அது.

பல் விழும் காலம்

12 முதல் 16 வார வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கும், 5, 6 மாதத்தில் கோரைப் பற்கள் மாறும், 7 மாதத்துக்குள் கடைவாய்ப் பற்கள் உட்பட எல்லாம் வந்துவிடும். குறைந்துவந்த கடி நடுவில் ஏறுவது இதனால்தான். பொம்மையில் ஒரு துளி ரத்தம், தரையில் அரிசியளவு பல் ஒன்று, இவை இயல்பு. குளிர்ச்சி ஈறுக்கு இதம்: பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் விறைக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெல்லக் கொடுக்கலாம். உள்ளீடற்ற ரப்பர்ப் பொம்மைக்குள் ஊறவைத்த உணவை அடைத்து உறையவைத்தால் அரை மணி நேரம் வாய்க்கு வேலை. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதென்றால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று லேபிளில் பார்த்துவிடுங்கள், அது நாய்க்கு நஞ்சு. கட்டிப் பனிக்கட்டி வேண்டாம். குழந்தைகளின் ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லும், மனிதர் சாப்பிடும் வலி மாத்திரைகளும் கூடவே கூடாது. இப்யூபுரூஃபன் போன்றவை குட்டியின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

புதுக் கோரைப் பல் வந்தும் பழையது பக்கத்திலேயே நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய இனங்களில் இது அதிகம். நடுவில் உணவு சிக்கி ஈறு கெடும், பல்வரிசையும் கோணும்.

வாயைப் பிடித்து மூடாதீர்கள்

மூக்கில் தட்டுவது, வாயைக் கையால் இறுக்கி மூடுவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, மல்லாக்கப் புரட்டி அழுத்துவது, தொண்டைக்குள் விரலை விடுவது. இவற்றை இன்னும் நல்ல மனதோடுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நிமிடம் குட்டி அடங்குவதும் உண்மை. அது பயத்தில் உறைந்துபோன அடக்கம். பிறகு முகத்தருகே கை வந்தாலே தலையைத் தாழ்த்தும் நாயாகிறது, இல்லையென்றால் கை வரும் முன்னாலேயே கடிக்கும் நாயாகிறது. விளையாட்டுக்குக் கவ்விய வாய் பயத்துக்குக் கடிக்கும் வாயாக மாறுவது இப்படித்தான். அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, எல்லா நாய்களுக்கும் பரிசளித்துப் பழக்கும் முறைகளையே பரிந்துரைக்கிறது.

உறுமலுக்கும் அடிக்கக் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால் நாய் சொல்லாமல் கடிக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீடு

ஓடுவதும் கீச்சிடுவதும் கையை உதறுவதும் குழந்தைகளின் இயல்பு. குட்டியைத் தூண்டுவதும் சரியாக அந்த மூன்றும்தான். குட்டி வந்தால் மரம்போல் நிற்க வேண்டும், கைகளை மார்போடு மடக்கி, மேலே பார்க்க வேண்டும் என்று விளையாட்டாகவே முன்கூட்டிப் பழக்கலாம். ஆனால் 6 வயதுப் பிள்ளை கடிபடும் நேரத்தில் அதை நினைவில் வைத்திருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இல்லையென்றால் நடுவில் தடுப்பு இருக்க வேண்டும். குட்டி தூங்கும் இடத்துக்குள் பிள்ளைகள் போகக் கூடாது, இதில் விதிவிலக்கு வேண்டாம். பிள்ளைகள் பங்கெடுக்க நல்ல விளையாட்டு, உணவுத் துண்டைத் தங்களிடமிருந்து தூரமாக எறிவது. குட்டி ஓடிப் போய்த் தின்றுவிட்டுத் திரும்பும், வாய் கையருகே வருவதே இல்லை.

விளையாட்டில்லாத கடி

விளையாட்டுக் கடியில் உடம்பு தளர்ந்திருக்கும், வளைந்து நெளியும், முன்னங்கால் தாழ்ந்து பின்புறம் உயரும். விளையாடும்போது உறுமுவதும் உண்டு, அது பரவாயில்லை. கவலைப்பட வேண்டியது விறைப்பு. சாப்பாட்டுத் தட்டின் மேலோ எலும்பின் மேலோ உடம்பு சிலைபோல் உறைந்து, கண் ஓரத்தில் வெள்ளை தெரிய, உதடு மேலேறி, தாழ்ந்த குரலில் உறுமிவிட்டுக் கடித்தால் அது வேறு விஷயம். தூக்கும்போது மட்டும், அல்லது ஒரே இடத்தைத் தொடும்போது மட்டும் கடித்தால் வலியாக இருக்கலாம். காது, வயிறு, இடுப்பு எல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும். புது ஆட்களிடமிருந்து ஒளிந்து, ஒளிய இடமில்லாதபோது கடித்தால் பயம். இந்த மூன்றிலும் முதலில் கால்நடை மருத்துவர், பிறகு நாய்களின் நடத்தை அறிந்தவர். வயதானால் சரியாகிவிடும் என்று காத்திருந்தால் முற்றும்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால், குட்டிதானே என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் முதலுதவி இதுதான். ரத்தம் வராத சின்னக் கீறலையும் அது சிகிச்சை தேவைப்படும் இரண்டாம் வகையில் வைக்கிறது, தோலைத் துளைத்த கடி மூன்றாம் வகை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி குட்டிக்குப் பொதுவாக 12 வாரத்தில்தான் போடப்படுகிறது. எங்கிருந்து வந்தது, தாய்க்கு ஊசி போட்டிருந்ததா என்று தெரியாத குட்டியென்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய், டாக்டர் சொல்லும் ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்தபின் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. காயம் வீங்கினாலோ சிவந்து பரவினாலோ, நீரிழிவு உள்ளவர் கடிபட்டாலோ கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

6, 7 மாதத்தில் பல் எல்லாம் மாறி, கடி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதன்பின் விடலைப் பருவத்தில், சந்தோஷம் தலைக்கேறும்போது கையையோ சட்டையையோ கவ்வுவது சில வாரம் எட்டிப் பார்க்கும். அப்போது வாய் பெரியது, தாடை வலுத்தது, பழைய "போதும்" அதே அரை நிமிடத்தோடு மறுபடி வேண்டும். மெல்ல வாங்கும் பழக்கமும் கவனிக்காமல் விட்டால் மங்கும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாளாவது உணவில் 10 துண்டை மூடிய கையிலிருந்து கொடுங்கள். வளர்ந்த நாய்க்கும்தான்.